தடிப்பும் வாசிப்பும்

உடம்பில் திடீரென்று கிளம்பி, சில மணி நேரம் அரித்துவிட்டு, சுவடில்லாமல் அடங்கிப்போகும் தடிப்புக்குத் தமிழில் காணாக்கடி என்று பெயர். இந்தப் பெயருக்குள் ஒரு சித்தாந்தம் இருக்கிறது. ஏதோ ஒன்று கடித்திருக்கிறது. கடித்தது கண்ணில் படவில்லை. தடிப்பு என்று ஒன்று இருந்தால் கடித்தது என்று ஒன்று இருந்தாக வேண்டும் என்ற தர்க்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய வைத்தியமும் ஏறக்குறைய இதே தர்க்கத்தைத்தான் கைக்கொண்டது என்று எனக்குப் படுகிறது. பூச்சி இருந்த இடத்தில் மனத்தைக் கொண்டுவந்து வைத்தது, அவ்வளவே. கண்ணுக்குத் தெரியாமல் கடிப்பது மனம் என்றாயிற்று. கவலைக்கும் பயத்துக்கும் தோலின் ஒவ்வாமைக்கும் உள்ள உறவைப் பற்றிய இந்த நூற்று நாற்பது வருஷப் பேச்சைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

வைத்தியப் பிரச்னையாக இதை எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் இந்தச் சரித்திரத்தின் பெரும்பகுதி வாசிப்பின் சரித்திரம். ஒரு தடிப்பைப் பார்த்து இது இன்னதைச் சொல்கிறது என்று தீர்மானிப்பதும், ஒரு படிமத்தைப் பார்த்து நாம் தீர்மானிப்பதும் வெகு தூரத்தில் இல்லாத காரியங்கள். அங்கே நேர்ந்த பிழைகளில் சில நம் விமர்சனத்திலும் நேர்பவை. அந்த ஹோதாவில்தான் இதைத் தொடுகிறேன்.

1

1879ல் துழார்தேன்-பொமெட்ஸ் என்ற பாரிஸ் வைத்தியர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். ஹிஸ்டீரியா நோயாளி என்று கருதப்பட்டவள். அவள் தோலின்மேல் மொண்ணையான ஒரு குச்சியால் லேசாகக் கோடு இழுத்தால் போதும். சில நிமிஷங்களில் அந்தக் கோடு தடித்து எழும், சுற்றிலும் சிவக்கும். எழுத்தாக எழுதினால் எழுத்தாகவே எழும். அவளுக்கு அவர் தந்த பெயரைத் தமிழில் சொல்வதானால் 'தானே எழுதும் பெண்' என்று சொல்லலாம். பெயர் விசித்திரமானது. அவள் எதையும் எழுதவில்லை. எழுதியவர் வைத்தியர்.

அடுத்த இருபது இருபத்தைந்து வருஷங்கள் பிரெஞ்சு வைத்தியர்களுக்கு இது ஒரு மோகமாகவே இருந்தது. 1890ல் மெஸ்னே என்பவர் இதைப் பதினாறாம் நூற்றாண்டில் சூனியக்காரிகளின் உடம்பில் தேடப்பட்ட சாத்தானின் முத்திரையோடு இணைத்துப் பேசினார். 1893ல் பார்த்தெலெமி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். நோயாளிகளின் முதுகிலும் மார்பிலும் கைகளிலும் பெயர்கள், சித்திரங்கள் எல்லாம் எழுதிப் படம் பிடித்தார்கள். ஸால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியின் சித்திர இதழில் 1904ல் வெளிவந்த ஒரு புகைப்படத்தில் ஒரு பெண்ணின் முதுகு தெரிகிறது. அதில் தடித்து நிற்கும் எழுத்துக்கள் அவளுடைய மனநோயின் பெயர். நோயைக் கண்டுபிடித்தவரே நோயாளியின் தோலில் அதை எழுதி, எழுந்து வந்ததைப் படமெடுத்து, சான்றாக அச்சிட்டுக்கொண்டார். விமர்சகன் தன் கருத்தைக் கவிதைக்குள் எழுதிவைத்துவிட்டுப் பிறகு அதையே கவிதையிலிருந்து மேற்கோள் காட்டுவது மாதிரி.

அந்தப் பெண்ணின் தோலில் நடந்தது என்ன என்பது இன்று தெரியும். நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இந்தச் சுபாவம் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் மனநோய் எதுவுமின்றி நம்மோடு பஸ்ஸில் வருகிறவர்கள். தோலுக்கடியில் மாஸ்ட் செல் என்ற ஒருவகை அணுக்கள் இருக்கின்றன. அவை வயிறு நிறைய ஹிஸ்டமின் முதலான பொருள்களைச் சிறு பொட்டலங்களாக வைத்திருப்பவை. கீறல் படும்போது சிலருக்கு இந்த அணுக்கள் சுலபமாக வாய் திறந்துவிடுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன, தோல் தடிக்கிறது. இந்த அணுக்களை முதலில் விவரித்தவர் பால் எர்லிக். வருஷம் 1878. பாரிஸ்காரர் தம் குறிப்பை வெளியிடுவதற்கு ஒரு வருஷம் முந்தி. எர்லிக்குக்கு அப்போது இருபத்துநாலு வயது, மாணவர். நன்றாகத் தின்று கொழுத்த அணுக்கள் என்று நினைத்து அந்த அர்த்தத்தில்தான் பெயர் வைத்தார். அவற்றின் வேலை என்ன என்று அவருக்கும் தெரியாது. விடை ஜெர்மனியில் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் சாயமேறிக் கிடந்தது. கேள்வி பாரிஸில் ஒரு முதுகின்மேல் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் சந்திக்க அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

2

இடையில் வார்த்தைகள் மாறின. 1891ல் ப்ரோக், ழாக்கே என்ற இருவர் நெடுநாள் அரிப்போடு தோல் தடித்துச் சொரசொரத்துப் போகும் ஒருவகைக் கரப்பானுக்கு நரம்பைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள்: நியூரோடெர்மைட். 1906ல் வியன்னாவில் க்ளெமென்ஸ் ஃபோன் பிர்கே 'அலர்ஜி' என்ற சொல்லை உண்டாக்கினார். கிரேக்க வேர்களிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு வேறுபட்ட எதிர்வினை என்பதற்கு மேல் அர்த்தம் இல்லை. முதல் தடவை ஒரு பொருளைச் சந்தித்த உடம்பு, இரண்டாம் தடவை அதே பொருளுக்கு வேறு மாதிரி பதில் சொல்கிறது. யார் குற்றம் என்ற விசாரணை இந்தச் சொல்லில் இல்லை. மனத்தையும் அது இழுக்கவில்லை, நரம்பையும் இழுக்கவில்லை. இவ்வளவு நிதானமான சொல் வைத்திய சரித்திரத்தில் அபூர்வம்.

1921ல் ப்ரெஸ்லாவில் நடந்த ஒரு பரிசோதனை இந்த நிதானத்துக்கு வலு சேர்த்தது. ஹைன்ஸ் க்யூஸ்ட்னர் என்ற வைத்தியருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. அவருடைய ரத்தத்தின் ஸீரத்தைக் கொஞ்சம் எடுத்து, கார்ல் ப்ராஸ்னிட்ஸ் தம் தோலுக்குள் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். தடித்தது. ப்ராஸ்னிட்ஸுக்கு மீனிடம் எந்தப் பகையும் கிடையாது. மீனைப் பற்றிய கவலையோ கனவோ க்யூஸ்ட்னருடைய ஸீரத்தோடு சேர்ந்து அவருக்குள் போயிருக்க முடியாது. போனது ஏதோ ஒரு பொருள். அந்தப் பொருள் ஐஜிஇ என்ற புரதம் என்பதை 1960களின் பின்பாதியில் அமெரிக்காவில் இஷிஸாகா தம்பதியும் ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே கண்டுகொண்டார்கள். மாஸ்ட் செல்லின் மேல் இந்தப் புரதம் உட்கார்ந்திருக்கிறது. தனக்குப் பழக்கமான மீனோ மகரந்தமோ வந்து தொட்டால் அணு வாய் திறக்கிறது.

மனம் இதோடு வழக்கிலிருந்து விடுதலையாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ப்ராஸ்னிட்ஸின் தோலுக்கும் இஷிஸாகாக்களின் புரதத்துக்கும் நடுவே சிகாகோ வருகிறது.

3

ஃப்ரான்ஸ் அலெக்ஸாண்டர் ஹங்கேரியில் பிறந்தவர்; பெர்லினில் மனோதத்துவப் பகுப்பாய்வு பயின்றவர்; 1932ல் சிகாகோவில் அதற்கென ஒரு ஸ்தாபனத்தை நிறுவியவர். 1950ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தோடு சேர்த்து நினைக்கப்படும் ஏழு வியாதிகள் உண்டு: குடல் புண், ஆஸ்துமா, ரத்தக் கொதிப்பு, மூட்டு வாதம், தைராய்டு மிகைப்பு, பெருங்குடல் அழற்சி, பிறகு நாம் மேலே பார்த்த நியூரோடெர்மைட். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குறிப்பிட்ட மனப்போராட்டம் இருப்பதாக அவர் குழு கருதியது. ஆஸ்துமா என்பது தாயை நோக்கி எழுந்து அடக்கப்பட்ட ஓர் அழுகை. கரப்பானில் தன்னைக் காட்டிக்கொள்ளும் ஆசையும் தன்னையே தண்டித்துக்கொள்ளும் ஆசையும் பிணைந்திருக்கின்றன.

அலெக்ஸாண்டர் மூடர் அல்லர். உணர்ச்சி ரத்தக் குழாய்களையும் சுரப்பிகளையும் எப்படித் தொடுகிறது என்பதில் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது. ஆனால் அவர் வழி வந்த எழுத்துக்களில் குழந்தையின் கரப்பானுக்குத் தாயின் அன்பின்மை காரணம் என்ற தீர்ப்பு சர்வ சாதாரணமாயிற்று. இரவெல்லாம் சொறியும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் கிடந்த தாய்மார்களிடம் இது சொல்லப்பட்டது. தூக்கமின்மையால் வந்த அவர்களுடைய சிடுசிடுப்பு காரணமாக வாசிக்கப்பட்டது. அது விளைவாக இருக்கலாம் என்பது வாசித்தவர்களுக்குத் தோன்றவில்லை.

ஏழில் முதலில் விழுந்தது குடல் புண். ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் வயிற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். 1984ல் மார்ஷல் அதை ஒரு கோப்பையில் கலக்கித் தாமே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு. அடக்கப்பட்ட ஏக்கம் என்று முப்பது வருஷம் வாசிக்கப்பட்டது பெரும்பாலும் ஒரு கிருமியின் குடியிருப்பு என்று தெரிந்தது. இதற்கு வெகு முன்பே, 1978ல், ஸூஸன் ஸான்டாக் தம் சின்னப் புத்தகத்தில், நோயை உருவகமாக்குவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம் என்று வாதாடியிருந்தார். அவர் பேசியது க்ஷயத்தையும் புற்றுநோயையும் பற்றி. தோல் அவர் கணக்கில் வரவில்லை. வந்திருக்கலாம்.

4

இங்கே நம் மரபின் பக்கம் ஒரு தரம் திரும்ப வேண்டியிருக்கிறது. ஏனென்றால் கவலையைத் தோலில் வாசிப்பது நமக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த பழக்கம் அல்ல. அகக் கவிதையின் பசலை பிரிவுத் துயரத்தில் தோல் கொள்ளும் நிறம். மெய்ப்பாடு என்ற கருத்தே, உள்ளே நிகழ்வது மெய்யில் புலப்படும் என்பதுதான். 'மெய்' என்ற ஒரே சொல் உடம்பையும் உண்மையையும் குறிப்பதில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: உடம்பு பொய் சொல்லாது. இதே மரபு தவறான வாசிப்பையும் அறிந்திருந்தது. மகளின் மேனி வேறுபட்டதைக் கண்ட தாய் வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். முருகன் அணங்கினான் என்பது வேலனின் முடிவு. தோழிக்கும் வாசகனுக்கும் நிஜக் காரணம் தெரியும்.

வாசகனுக்குத் தெரியும் என்பதுதான் விஷயம். பசலையை நாம் சரியாக வாசிக்க முடிவது, அதை அங்கே வைத்தவன் ஒருவன் இருப்பதால். புலவன் பிரிவைச் சொல்வதற்காகவே அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தான். அர்த்தம் முதலில், தோல் பிறகு. ஆஸ்பத்திரிக்கு வருகிற தடிப்புக்கு ஆசிரியன் கிடையாது. அதை யாரும் எதையும் சொல்வதற்காக எழுதவில்லை. ஆசிரியனில்லாத ஒன்றைப் பிரதியாகப் பாவித்து உட்பொருள் தேடும்போது, கிடைப்பது தேடுகிறவரின் சொந்தச் சரக்குதான். சிகாகோவின் பிழை இது என்று நினைக்கிறேன். பாரிஸ்காரர்கள் குச்சியால் எழுதினார்கள். இவர்கள் குச்சி இல்லாமல் எழுதினார்கள்.

இது ஏட்டுப் பிரச்னை இல்லை. என் அக்காவுக்குப் பல வருஷங்களாக இரண்டு உள்ளங்கையிலும் கரப்பான். வெடித்து, நீர் கசிந்து, ஆறி, மறுபடி வெடிக்கும். அவள் பார்த்த ஒரு டாக்டர் கைகளை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மனசுதான்" என்றார். சோப்புப் பொடியைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாத்திரம் தேய்க்கிறாள் என்று கேட்கவில்லை. மனசுதான் என்று சொன்னாரே, அந்த மனசில் என்ன இருக்கிறது என்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் விருந்தாளிகள் முன்னால் கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். அதுவரை அரிப்பு மட்டும் இருந்தது. இப்போது அதை வரவழைத்துக்கொண்டவள் தானே என்ற குற்றமும் சேர்ந்தது. 'மனசுதான்' என்பது ஒரு விளக்கம் போலத் தோன்றுகிறது. நடைமுறையில் பேச்சை முடித்துவைக்கிற சொல் அது.

5

ஆனால் இந்தக் கோபத்தில் எதிர்ப்பக்கம் ஓடிவிடுவதும் சரியில்லை. தோல் வெறும் ரசாயனம், மனத்துக்கு அங்கே வேலை இல்லை என்று அடித்துச் சொல்வதற்கும் சரித்திரம் இடம் தரவில்லை.

1962ல் ஜப்பானின் க்யூஷூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இகெமியும் நாகாகாவாவும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அங்கே அரக்கு மரத்தின் இலை பட்டால் பலருக்குத் தோல் வெந்து கொப்புளிக்கும். நம் சலவைக்காரர்கள் துணிக்குக் குறியிட்ட சேராங்கொட்டை இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அரக்கு மரம் ஆகாத பதின்மூன்று பள்ளி மாணவர்கள். ஒரு கையில் தீங்கற்ற இலையைத் தேய்த்து அரக்கு இலை என்றார்கள். மறு கையில் விஷ இலையைத் தேய்த்துத் தீங்கற்றது என்றார்கள். பதின்மூன்று பேருக்கும் தீங்கற்ற இலை பட்ட கையில் ஏதோ ஓர் அளவில் தோல் மாறியது. விஷ இலை பட்ட கையில் தோல் மாறியது இரண்டே பேருக்கு. பதின்மூன்று பேரை வைத்துக்கொண்டு உலகச் சட்டம் எழுத முடியாது என்பது உண்மை. ஆனாலும் சொல் தோலைத் தொடுகிறது என்பதற்கு இதைவிட ஸ்தூலமான காட்சி எனக்குத் தெரியாது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-க்ளேஸரும் அவர் குழுவினரும் 2009ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் அடக்கமானது. மகரந்த ஒவ்வாமை உள்ள இருபத்தெட்டுப் பேர். ஒவ்வாத பொருளை ஊசி முனையில் தொட்டுத் தோலில் குத்தி, எழும் தடிப்பின் விட்டத்தை அளந்தார்கள். ஒரு நாள் அமைதியான வேலை கொடுத்து. இன்னொரு நாள், முகத்தில் சலனமே காட்டாத நடுவர்களின் முன்னால் பேசச் சொல்லி, காகிதமின்றி மனக்கணக்குப் போடச் சொல்லி. கவலைச் சுபாவம் மிகுந்தவர்களுக்குப் பரீட்சை நாளில் தடிப்பு பெரிதாயிற்று. மறுநாளும் தடிப்பு தலைகாட்டுவது அவர்களிடம்தான் அதிகம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஊசி முனையில் மகரந்தம் இருந்தது. தடிப்பை உண்டாக்கியது மகரந்தமும் ஐஜிஇயும். கவலை செய்தது அதன் அளவை மாற்றியது.

எப்படி மாற்றுகிறது என்பதிலும் மர்மம் குறைந்துவருகிறது. லண்டனில் தாமஸ் லூயிஸ் 1927லேயே கீறலைச் சுற்றிப் படரும் சிவப்பு நரம்பின் வழியாகப் படர்கிறது என்று காட்டிவிட்டார். தோலில் மாஸ்ட் செல்கள் நரம்பு நுனிகளை ஒட்டியே குடியிருக்கின்றன. அந்த நுனிகள் சுரக்கும் 'ஸப்ஸ்டன்ஸ் பி' போன்ற பொருள்கள் இந்த அணுக்களைத் தூண்டக்கூடியவை. மூளை நெருக்கடியில் சுரக்கும் ஒரு ஹார்மோனுக்கும் இந்த அணுக்களின்மேல் வாசல் உண்டு. பரீட்சைக் காலத்தில் மாணவர்களின் தோல் தன் மேலுறையைச் செப்பனிட்டுக்கொள்ள அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது என்று 2001ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிஸால் அழற்சியைத் தணிப்பது. 1952லிருந்து கரப்பானுக்குத் தடவப்படும் களிம்பும் அந்த ரகம்தான். அப்படியானால் கவலை தோலை ஆற்ற அல்லவா வேண்டும்? ஜெர்மனியின் ட்ரியர் நகரில் 1990களில் கரப்பான் உள்ள குழந்தைகளைச் சோதித்தபோது, நெருக்கடியில் அவர்களுக்கு மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே கார்ட்டிஸால் சுரந்தது. அணைக்கிற தண்ணீர் அவர்களிடம் கொஞ்சம் பற்றாக்குறை. இதற்கு மேல் சக்கரம் தானே சுழல்கிறது: அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கமின்மை கவலையை வளர்க்கிறது, கவலை அரிப்பைப் பெருக்குகிறது.

இந்த விவரங்கள் எதிலும் உட்பொருள் இல்லை என்பதைக் கவனிக்கலாம். நரம்பு நுனி தாயைப் பற்றியோ பாவத்தைப் பற்றியோ பேசவில்லை. மனம் இங்கே ஆசிரியன் இல்லை. விளக்கின் திரியை ஏற்றி இறக்குகிற கை, அவ்வளவே. எண்ணெயும் திரியும் ஏற்கனவே இருந்தாக வேண்டும். இப்படிச் சொல்வது கவிதைக்கு ஏமாற்றமாக இருக்கலாம். நோயாளிக்கு நியாயமாக இருக்கிறது. 'மனசுதான்' என்ற தீர்ப்புக்குப் பதிலாக, 'எப்போது அதிகமாகிறது? அன்றைக்கு என்ன பட்டது? என்ன நடந்தது?' என்று கேட்கிற வைத்தியர் சோப்புப் பொடியையும் கவலையையும் ஒரே பட்டியலில் எழுதிக்கொள்வார். ஏன் என்ற கேள்வி நோயாளியைக் கூண்டில் ஏற்றுகிறது. எப்போது என்ற கேள்வி அவளையும் விசாரணையில் கூட்டாளியாக்குகிறது.

6

கடைசியாக ஒரு தகவல். 1995 ஜனவரி 17 விடியற்காலையில் ஜப்பானின் கோபே நகரத்தைப் பூகம்பம் தாக்கியது. ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கரப்பான் நோயாளிகளுக்கு இதன் பிறகு என்ன நேர்ந்தது என்பதை அங்குள்ள தோல் வைத்தியர்கள் விசாரித்து 1999ல் வெளியிட்டார்கள். 1457 நோயாளிகள். சேதம் மிகுந்த பகுதியில் நூற்றுக்கு 38 பேருக்கும், ஓரளவு சேதப்பட்ட பகுதியில் 34 பேருக்கும் நோய் முற்றியது. சேதமில்லாத பகுதியில் 7 பேருக்கு மட்டும். கவலை தோலைத் தொடுவதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டியதில்லை. விஞ்ஞானம் இந்த எண்களை அடிக்கடி எடுத்துச் சொல்கிறது.

அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. சேதம் மிகுந்த அதே பகுதியில் நூற்றுக்கு 9 பேருக்கு நோய் குறைந்தது. சேதமில்லாத பகுதியில் குறைந்தது ஒருவருக்குத்தான். வீடு இடிந்த தெருக்களில், குளிர்காலத்தில், பள்ளிக்கூடத் தரையில் ஜனங்கள் படுத்துக் கிடந்த நாட்களில் இவர்களுடைய தோல் ஆறியிருக்கிறது. தடிப்பை ஒரு வாக்கியமாக வாசிக்கிற எந்தச் சித்தாந்தமும் முதலில் இந்த ஒன்பது பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் எதையும் சொல்ல வரவில்லை. அவர்களுக்குக் கொஞ்ச நாள் அரிக்கவில்லை, அவ்வளவுதான்.